சாட்சியில் விடுபட்டவை

எங்கள் சபையில் பாட்டுகள் முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்கு முன்னால் சாட்சி நேரம் வரும். தமிழ்ச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. யாராவது எழுந்து போய் மைக்கை வாங்கி, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பிப்பார். மகனுக்கு வேலை கிடைத்தது, போன ஸ்கேனில் தெரிந்த கட்டி இந்த ஸ்கேனில் இல்லை, வீட்டுத் தவணைக்கு வழியில்லாத மாதத்தில் எங்கிருந்தோ அதே தொகை வந்து சேர்ந்தது. எனக்கு இந்த நேரம் பிடிக்கும். பிரசங்கத்தில் கண் அசருகிறவர்கள்கூடச் சாட்சிக்கு நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்தவர் வீட்டுக் கதை அல்லவா! ஆனால் அப்படிக் கேட்ட ஒரு சாட்சி சில வருடங்களாக என்னை விடவே மாட்டேன் என்கிறது. எழுதினால் யாருக்காவது சங்கடமாகுமோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் அந்தக் குடும்பத்திடமே கேட்டேன். "பேர் போடாம எழுதும்மா, எல்லார் வீட்லயும் நடந்ததுதானே" என்றார் அந்த வீட்டு அக்கா. அதனால் எழுதுகிறேன்.

கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்து, சபை மறுபடி ஒரே கூரையின் கீழ் கூடத் தொடங்கியிருந்த சமயம். நாற்காலிகளுக்கு நடுவே இன்னும் இடைவெளி, எல்லார் முகத்திலும் கவசம். எங்கள் அடுக்குமாடியில் எங்களுக்குக் கீழே குடியிருக்கும் ஒரு பிரதர் சாட்சி சொல்ல எழுந்தார். முழு முடக்கத்தில் வருமானம் அடியோடு நின்றது, வீட்டில் அரிசி தீர்ந்தது, ஆனாலும் மனிதர் யாரிடமும் கை நீட்டவில்லை, காகங்களைக் கொண்டு எலியா தீர்க்கதரிசியைப் போஷித்த தேவன் எங்களையும் போஷித்தார் என்றார். சபை முழுக்க "அல்லேலூயா" என்றது. நானும் சொன்னேன், வாய்ப் பழக்கம். அப்புறம்தான் அவர் மனைவி பக்கம் கண் போனது. அக்கா கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். சாட்சி முடிகிறவரை தேடினார். அந்தச் சாட்சியில் ஒரு வெள்ளைத் துணி விடுபட்டிருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வேன் நின்ற பிறகு

நாங்கள் இருப்பது மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூல் பக்கம். அந்த பிரதர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்பே கீழே எஞ்சின் சத்தம் கேட்கும். எனக்கு அதுதான் அலாரம். அக்காவுக்கு ஒரு பள்ளிக் கென்டீனில் சமையல் வேலை. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளி மூடினால் வேன் எதற்கு, கென்டீன் எதற்கு? ஒரே அறிவிப்பில் ஒரு வீட்டின் இரண்டு வருமானமும் போனது. முதல் வருடம் எப்படியோ ஓடிவிட்டது. அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுத்த 1,600 வெள்ளி (ரிங்கிட்) வந்தது. வங்கிகள் ஆறு மாதத்துக்குத் தவணையை நிறுத்தி வைத்ததால் வேன் கடன் உடனே கழுத்தை நெரிக்கவில்லை. இரண்டாவது வருடம்தான் ஆளைச் சாய்த்தது. பள்ளிகள் கொஞ்ச நாள் திறந்து மறுபடி மூடின. 2021 ஜூன் 1ஆம் தேதி முழு முடக்கம். ஊழியர் சேமநிதியிலிருந்து 5,000 வெள்ளி எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தபோது எங்கள் மாடியில் பலர் எடுத்தார்கள். சொந்த வேன் ஓட்டுகிறவருக்குச் சேமநிதியில் என்ன இருக்கும்?

சபை சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் ஐக்கியத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து அரிசி, எண்ணெய், சார்டின், மைலோ, முட்டை என்று வாங்கிப் பொட்டலம் கட்டினோம். தேவைப்படுகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். பெயர் கொடுத்தவர்கள் குறைவு. "எங்களுக்கு வேண்டாம், கர்த்தர் போதுமானவர், வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று எழுதியவர்கள்தான் அதிகம். அந்த பிரதரும் அப்படித்தான் எழுதினார். கூடவே சங்கீதம் 23: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." அதன் கீழே பத்துப் பதினைந்து கும்பிடும் கைகள். வேன் மாதக்கணக்கில் கீழே அசையாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே நானும் ஒரு கையைப் போட்டேன். வேறு என்ன போடுவது? ஞாயிற்றுக்கிழமை மைக்கில் "ஒரு குறைவும் இல்லை" என்று சொன்ன மனிதர் திங்கட்கிழமை பட்டியலில் எப்படிப் பெயர் கொடுப்பார்? மானம் என்று ஒன்று நமக்கு எல்லா மதத்திலும் உண்டு. சபைக்குள் வந்ததும் அதற்கு ஒரு வசனமும் துணைக்குக் கிடைத்துவிடுகிறது.

அந்த ஜூன் மாதக் கடைசியில்தான் வெள்ளைக்கொடி இயக்கம் தொடங்கியது. மலாயில் பெண்டேரா பூத்தே. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள். மனு எழுத வேண்டாம், அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். நாடு முழுக்கத் துணிகள் தொங்கின. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் மட்டும், வெள்ளைக்கொடியை உயர்த்தித் தோல்வியை ஒப்புக்கொள்ளாதீர்கள், இறைவனிடம் கைகளை உயர்த்துங்கள் என்கிற தோரணையில் பேசி, இணையத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் முஸ்லிம். எங்கள் சபைக்காரர்கள் பலரும் அவரைக் கிண்டல் செய்தார்கள். ஆனால் அவர் சொன்னதற்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்ததற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"எலியாவுக்குப் பிள்ளை குட்டி இல்ல"

ஒரு சாயங்காலம் படிக்கட்டில் அக்காவைப் பார்த்தேன். லிஃப்ட் வழக்கம்போலக் கெட்டுக் கிடந்தது. குப்பை போட்டுவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் கவசத்தோடு, நாலு படி தள்ளி நின்று பேசினோம். "அக்கா, பட்டியலில் பேர் போடட்டுமா? நானே கொண்டு வந்து தருகிறேன், யாருக்கும் தெரியாது" என்றேன்.

"அவரு வேணாம்னு சொல்லிட்டாரும்மா. எலியாவுக்குக் காகம் வந்த மாதிரி நமக்கும் வரும்ங்கிறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. எங்கள் தலைமுறைப் பெண்கள் கணவர் ஜெபத்தைப் பற்றி வெளியில் பேசுவது சுலபம் இல்லை. அப்புறம் சொன்னார்: "எலியாவுக்குப் பிள்ளை குட்டி இல்ல. காகம் எப்ப வந்தாலும் அவருக்குச் சரி. என் வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஏழு மணிக்குப் பசிக்குது லா."

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டு நடைபாதைக் கம்பியில் ஒரு வெள்ளைத் தலையணை உறை கட்டியிருந்தது. மதியத்துக்குள் பக்கத்துச் சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) பையன்கள் கோழியும் முட்டையும் கீரையும் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கீழ்மாடிச் சீன ஆன்ட்டி ஒரு பெரிய பிஸ்கட் டின்னோடு படியேறி வந்தார், அந்த வயதில். எங்கள் பொட்டலத்தை நான் கொண்டு போனேன். கதவைத் திறந்தது பிரதர்தான். ஒன்றும் பேசவில்லை, வாங்கிக்கொண்டார், தலையை மட்டும் அசைத்தார். கொஞ்ச நாளில் தலையணை உறை காணாமல் போனது. அதற்குள் கம்பிக்குக் கம்பி வேறு வீடுகளின் துணிகள் வந்துவிட்டன.

இனி சாட்சிக்கு வருகிறேன். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கோழி கொண்டு வந்த பையனின் மனதில் அதைக் கொண்டு போகச் சொன்னது யார் என்று கேட்டால், கர்த்தர் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் "யாரிடமும் கை நீட்டவில்லை" என்ற அந்த ஒரு வரி உறுத்தியது. உறையைக் கட்டிய கை, அதைப் பார்த்துப் படியேறிய கால்கள், எல்லாம் அந்த ஒரு வரியில் காணாமல் போய்விட்டன. வீட்டுக்கு வந்ததும் வேதாகமத்தை எடுத்து எலியாவின் கதையைத் திரும்ப வாசித்தேன். 1 இராஜாக்கள் 17. காகங்கள் வருவது உண்மைதான், காலையிலும் மாலையிலும் அப்பமும் இறைச்சியும். ஆனால் கேரீத் ஆறு வற்றிப்போகிறது. அதற்குப் பிறகு கர்த்தர் வேறு பறவைகளை அனுப்பவில்லை. சாறிபாத்துக்குப் போ, உன்னைப் பராமரிக்க அங்கே ஒரு விதவைக்குக் கட்டளையிட்டிருக்கிறேன் என்கிறார். தீர்க்கதரிசி போய் ஊர் வாசலில் நின்று, விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஏழைப் பெண்ணிடம் முதலில் தண்ணீர் கேட்கிறார், பிறகு கொஞ்சம் அப்பம் கேட்கிறார். அவளிடம் இருந்ததோ ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். அதைச் சமைத்துத் தானும் மகனும் சாப்பிட்டுச் சாக வேண்டியதுதான் என்று சொல்கிறாள். அவள் சீதோன் தேசத்துக்காரி, இஸ்ரவேல்காரிகூட இல்லை. இந்த விதவையைப் பற்றி நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு நினைவூட்டியபோது, கேட்டவர்கள் கோபத்தில் அவரை மலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். வெளியாள் கையால் தேவன் கொடுப்பது அன்றைக்கும் ஊராருக்குப் பிடிக்கவில்லை.

நம் பிரசங்கங்களில் காகம் அடிக்கடி வரும். ஊர் வாசலில் நின்று கேட்ட எலியா அவ்வளவாக வருவதில்லை. படிக்கட்டில் அக்கா பேசியது அந்த விதவை பேசக்கூடிய பேச்சு. மாவு, அடுப்பு, பிள்ளை, ஏழு மணி.

கேட்காதவர்களும் மறைக்காதவர்களும்

"அப்படியென்றால் ஜார்ஜ் முல்லர்?" என்று இதை வாசிக்கும் சபைக்காரர் யாராவது கேட்பார். கேட்க வேண்டும். தமிழ்ப் பிரசங்க மேடையில் அவர் பெயர் வராத வருடம் உண்டா? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1836இல் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கி, ஆயுசுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தவர். யாரிடமும் பணம் கேட்பதில்லை, ஜெபம் மட்டும் என்பது அவர் தீர்மானம். காலித் தட்டுகளுக்கு முன்னால் பிள்ளைகளோடு அவர் நன்றி சொல்லி ஜெபித்தபோது ரொட்டிக்காரரும் பால்காரரும் கதவைத் தட்டியதாகச் சொல்லும் கதையைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அந்தத் தீர்மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் வருடா வருடம் அறிக்கை அச்சடித்து வெளியிட்டவர் என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எந்த நாளில் கையில் ஒன்றுமே இல்லை என்பதுவரை எழுதி வைத்தார். ஒருவரையும் கேட்கவில்லை, சரி. கணக்கை மறைக்கவும் இல்லை. நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

என் கணவரின் தாய் வழி கத்தோலிக்கர்கள். ஜூலை மாதத்தில் பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள புனித அன்னம்மாள் கோயிலுக்குப் போவார்கள். 2019இல் பசிலிக்கா என்ற தகுதி பெற்ற அதே கோயில்தான். அவர்களோடு நானும் போயிருக்கிறேன். என் சபைக்காரர்களுக்கு அங்கே உள்ள மெழுகுவர்த்தியும் சுரூபமும் இடறலாக இருக்கும், எனக்கும் சில கேள்விகள் உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. தமிழர், சீனர், கிறிஸ்தவர் அல்லாதவர்கள்கூட, தங்கள் குறையை வெளிப்படையாகக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். இந்தம்மாவுக்கு ஏதோ வேண்டுதல் இருக்கிறது என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். யாரும் ஜெயித்த முகத்தோடு வர வேண்டியதில்லை. எங்களிடம் வருடக் கடைசி இரவில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். "நீ தலையாவாய்", "உன் எல்லைகளை விரிவாக்குவேன்" என்கிற மாதிரி. 2019 டிசம்பர் 31 இரவிலும் எடுத்தோம். அடுத்த வருடம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். எந்த அட்டையிலும் புலம்பல் சங்கீதம் அச்சடித்து நான் பார்த்ததில்லை. 150 சங்கீதங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான்.

கொடியைப் பற்றி அவரிடமே ஒருநாள் கேட்டுவிட்டேன். வேன் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. கீழே நிறுத்திக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். "பிரதர், சாட்சியில் அக்கா கட்டின துணியைச் சொல்லவே இல்லையே?" கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "சொன்னா மகிமை யாருக்குப் போகும், சிஸ்டர்?" என்றார். வழக்கமான பதில். நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார்: "துணி கிடக்கட்டும் சிஸ்டர். அந்த ராத்திரியெல்லாம் எனக்கு ஜெபமே வரல. வாய் திறந்தா ஒண்ணும் வரல. அவர் அங்க இருக்காரான்னே தெரியல. இதைப் போய் மைக்குல சொல்றதா?"

குடும்ப ஜெபம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதை நிறுத்தவில்லை என்றார். பிள்ளைகள் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்களாம். அவர் சங்கீதத்தை வாசிப்பாராம், மூத்த மகள் ஜெபிப்பாளாம். "அப்பாவுக்கு வேன் ஓடணும்" என்று அவள் சொல்லும்போது அவர் "ஆமென்" மட்டும் சொல்வாராம். "அந்த ஆமென்தான் சிஸ்டர், எனக்குன்னு இருந்தது."

அந்தத் தலையணை உறையைப் பற்றி அதற்குமேல் அவரிடம் நான் பேசவில்லை. சாட்சியில் விடுபட்டது அதைவிடப் பெரியது. தேவன் இருக்கிறாரா என்று தெரியாத ஒரு மனிதர், சொந்தமாக ஒரு வார்த்தைகூட ஜெபிக்க முடியாமல், தினமும் பாயில் போய் உட்கார்ந்து மகளின் ஜெபத்துக்கு ஆமென் சொன்னார். அவர் சொன்ன காகச் சாட்சியைவிட இது எனக்கு நம்பக்கூடியதாக இருந்தது. மாற்கு சுவிசேஷத்தில் பிசாசு பிடித்த பிள்ளையின் தகப்பன் இயேசுவிடம் கண்ணீரோடு கத்தியதும் இதைத்தானே: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." முழு விசுவாசம் வந்த பிறகு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். குணமாகாத பிள்ளைகளின் தகப்பன்மார் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்டால், இருக்கிறார்கள். எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் மைக் பக்கம் வருவதில்லை.

இதைப் பாஸ்டரிடம் கொண்டு போனேன். பதில் கிடைக்காதவர்களும் பேச ஒரு நேரம் வைக்கலாமே என்றேன். அவர் நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார். "சிஸ்டர், புதுசா வர்றவங்க இருக்காங்க. ஜெபிச்சேன், ஒண்ணும் நடக்கலன்னு ஒருத்தர் மேடையில் சொன்னா அவங்க விசுவாசம் என்னாகும்?" நியாயமான கவலைதான், தட்டிவிட முடியாது. நான் 88ஆம் சங்கீதத்தைச் சொன்னேன். ஆரம்பம் முதல் முடிவு வரை இருட்டு. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலானவற்றில் கடைசியிலாவது ஒரு துதி எட்டிப்பார்க்கும், இதில் அதுகூட இல்லை. அதன் தலைப்பிலேயே இராகத்தலைவனுக்கு என்று போட்டிருக்கிறது. யாரோ ஒருவர் ரகசியமாக எழுதி மறைத்து வைத்தது அல்ல, சபை கூடிப் பாட வைத்த பாட்டு. பாஸ்டர் சிரித்தார். "நீங்க பிரசங்கம் பண்ணலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் செய்து பாருங்கள் என்று விட்டார்.

செய்து பார்க்கிறோம். எல்லாம் அழகாகப் போகிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு அம்மா வாரா வாரம் மருமகளைப் பற்றியே சொல்கிறார். அது பதில் வராத ஜெபமா, வெறும் புகாரா என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. ஒருவர், இது விசுவாசத்தைக் குலைக்கிற கூட்டம் என்று வருவதை நிறுத்திவிட்டார். இனிப்பு நீரால் (நீரிழிவால்) கால் விரல்களை இழந்த ஒரு தாத்தா, "நான் இனிமே சுகம் கேட்கல, கோபம் மட்டும் போகணும்னு கேட்கிறேன்" என்றார். அன்றைக்கு யாரும் அவருக்கு வசனம் சொல்லவில்லை என்பதே எங்களுக்குப் பெரிய முன்னேற்றம். வேன் பிரதர் எப்போதாவது வருகிறார், பேசுவதில்லை. அக்கா தவறாமல் வருகிறார், நன்றாகவே பேசுகிறார்.

அடுத்த மாதம் பாஸ்டர் எபிரெயர் 11ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கப் போகிறார், விசுவாச வீரர்களின் பட்டியல். 35ஆம் வசனத்தின் முதல் பாதிவரை எல்லாம் ஜெயம்; ராஜ்யங்களை ஜெயித்தார்கள், சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், ஸ்திரீகள் சாகக்கொடுத்தவர்களை உயிரோடு திரும்பப் பெற்றார்கள். அதே வசனத்தின் நடுவில் "வேறுசிலர்" என்று திரும்புகிறது. அங்கிருந்து வாதைதான், கல்லெறிதான், வாள்தான். 39ஆம் வசனம், அவர்கள் எல்லாரும் நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்கிறது. எதுவரை போவீர்கள் என்று பாஸ்டரிடம் கேட்டேன். நேரம் இருந்தால் கடைசிவரை போகலாம் என்றார். நேரம் போதாவிட்டால் அன்றைக்குச் சாட்சி நேரத்தை விட்டுவிடலாமே என்றேன். அதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.